வெளிநாட்டுப் பேராசிரியர் உரையாற்ற வருகிறார்: வாசகர் கேள்வி–பதில்

ஊரக வளர்ச்சி, இடப்பெயர்வு, உலகமயமாக்கல் ஆகியவற்றைப் பற்றிப் பேச வரும் வருகைதரு அறிஞர்களை அழைப்பது, கேட்பது, ஊருக்குக் கூட்டிப்போவது குறித்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

எங்கள் பொருளியல் துறைக்கு வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவரை அழைத்து, ஊரக இடப்பெயர்வு பற்றி ஒரு வாரம் வகுப்பு நடத்த விரும்புகிறோம். எப்போது தொடங்க வேண்டும்? பணத்துக்கு என்ன வழி?
– உதவிப் பேராசிரியர், திண்டுக்கல்

ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். வருபவர் முடிவெடுக்க ஒரு வாரம் போதும். மீதிக் காலம் முழுவதும் உங்கள் கல்லூரிக் கோப்பு மேசை மேசையாக நகரத்தான்.

முதலில் தேதி. ஐரோப்பிய, அமெரிக்கப் பேராசிரியர்களுக்கு ஓய்வு கிடைப்பது டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை. பிறகு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. டிசம்பரில் அவர்கள் வரத் தயாராக இருப்பார்கள். ஆனால் அப்போது நம் மாணவர்களுக்குப் பருவத்தேர்வு அல்லது விடுமுறை, அதைத் தாண்டினால் பொங்கல். இதைப் பார்க்காமல் தேதி குறித்துவிட்டுக் கடைசியில் பக்கத்துத் துறை மாணவர்களை அரங்கில் உட்கார வைத்த கல்லூரிகள் நிறைய. இரு பக்கமும் ஒத்துவருவது ஜூலை, ஆகஸ்ட்: நம் பருவம் தொடங்கியிருக்கும், அவர்களுக்கு விடுமுறை முடிந்திருக்காது.

பணத்துக்கு மூன்று வழிகளைச் சொல்லலாம். வெளிநாட்டுப் பேராசிரியர்களை வகுப்பெடுக்க அழைப்பதற்காக மத்திய அரசு 2015இல் தொடங்கிய ‘கியான்’ திட்டத்தில், 12 முதல் 14 மணி நேர வகுப்புக்கு 8,000 டாலர் வரையும், 20 முதல் 28 மணி நேரத்துக்கு 12,000 டாலர் வரையும் மொத்தத் தொகையாகத் தர இடமுண்டு. பயணச் செலவும் மதிப்பூதியமும் அதற்குள்ளேயே அடக்கம். உங்கள் நிறுவனம் தகுதிப் பட்டியலில் உண்டா, இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்பதை முதலில் பாருங்கள். அமெரிக்கரை அழைப்பதானால் அமெரிக்க அரசின் ‘ஃபுல்பிரைட் ஸ்பெஷலிஸ்ட்’ திட்டம் உண்டு. 2 முதல் 6 வாரம் வரை தங்கலாம். விமானச் செலவும் மதிப்பூதியமும் அவர்கள் பக்கம். தங்குமிடம், சாப்பாடு, உள்ளூர்ப் போக்குவரத்து உங்கள் பக்கம்.

மூன்றாவது வழியைத்தான் நாங்கள் முதலில் சொல்வோம். இந்தியாவுக்கு ஏற்கெனவே வந்திருப்பவரைத் தேடுங்கள். அடையாறிலுள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், திருவனந்தபுரத்தின் வளர்ச்சி ஆய்வு மையம் ஆகியவற்றோடு தொடர்புள்ள வெளிநாட்டு ஆய்வாளர்கள் வந்துபோனபடி இருப்பார்கள். செலவு ரயில் கட்டணமும் விருந்தினர் அறையும்தான். தமிழ்நாட்டில் களப்பணி செய்தவராக இருந்தால் உங்கள் மாணவர்கள் கேட்கும் கேள்வியும் அவருக்குப் புரியும். ஆனால் அவர் வந்திருக்கும் விசாவில் உங்கள் கல்லூரியில் பேச இடமுண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த பதில் அதைப் பற்றியதுதான்.

தலைப்பில் ஒரு எச்சரிக்கை. ‘உலகமயமாக்கலும் ஊரக வளர்ச்சியும்’ என்று கேட்டால், எல்லா ஊரிலும் பேசிய அதே உரைதான் உங்களுக்கும் வந்து சேரும். அவர் களப்பணி செய்த ஒரே ஓர் ஊரையோ பயிரையோ தொழிலையோ பற்றிக் கேளுங்கள். 300 சொல்லில் சுருக்கம், மாணவர்கள் முன்கூட்டிப் படிக்க இரண்டு கட்டுரைகள், அவரே திரட்டிய தரவிலிருந்து ஓர் அட்டவணை ஆகியவற்றை நிகழ்ச்சிக்கு ஒரு மாதம் முன் அனுப்பச் சொல்லுங்கள். அந்த அட்டவணைக்குப் பக்கத்தில் உங்கள் வட்டாரத்துக்கான அட்டவணையை மாணவர்கள் தயாரித்து வைத்திருந்தால் இரண்டாம் நாள் வகுப்பு தானாக நடக்கும்.

வருபவர் சுற்றுலா விசாவில் வந்து ஒரே ஓர் உரை ஆற்றிவிட்டுப் போனால் என்ன? யாருக்குத் தெரியப்போகிறது?
– கல்லூரிச் செயலர், நாகர்கோவில்

நீங்கள் அடிக்கும் சுவரொட்டியிலேயே தெரிந்துவிடும். செய்ய வேண்டாம். விசாவில் எழுதியுள்ள நோக்கத்தை மீறினால் மாட்டிக்கொள்பவர் விருந்தினர்தான். அடுத்த முறை விமான நிலையத்திலிருந்தே அவரைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

கியான் திட்டத்தில் உரையாற்ற வருபவருக்கு இணையத்தில் வாங்கும் வணிக விசாவில் (இ–பிசினஸ்) தனிப் பிரிவே இருக்கிறது. கருத்தரங்குக்கு வருபவருக்கு கருத்தரங்கு விசா. அதற்கு அழைப்புக் கடிதம் மட்டும் போதாது. நிகழ்ச்சியின் தன்மையைப் பொறுத்து வெளியுறவு, உள்துறை அமைச்சகங்களின் அனுமதியும் வேண்டும். விண்ணப்பத்தில் பேச்சாளர் பட்டியல், தலைப்பு, இடம், தேதி எல்லாம் கேட்பார்கள். இரண்டு மாதம் முன்பாவது அனுப்புங்கள். வழக்கமாகச் சிக்கல் வருவது இங்கேதான்: அழைப்பிதழில் ஒரு தேதி, விண்ணப்பத்தில் இன்னொரு தேதி, அல்லது பேச்சாளர் பெயர் கடவுச்சீட்டில் இருப்பதுபோல் இல்லாமல் அவரது புத்தக அட்டையில் இருப்பதுபோல் இருக்கும். கடவுச்சீட்டின் முதல் பக்கப் படத்தை வாங்கி வைத்துக்கொண்டு பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

உரையாற்ற வந்தவர் அப்படியே நான்கு கிராமங்களில் வினாப்பட்டியலோடு ஆய்வும் செய்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தால் அது ஆய்வு விசாவின் எல்லைக்குள் போய்விடும். வெளிநாட்டுக் குடியுரிமையுள்ள இந்திய வம்சாவளியினர், ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டை வைத்திருந்தாலும், ஆய்வு செய்யத் தனி அனுமதி பெற வேண்டும். ஊரைச் சுற்றிப் பார்ப்பது வேறு, தரவு சேகரிப்பது வேறு.

வந்து இறங்கிய பிறகு, சி படிவம் என்று வழங்கிவந்த தங்குமிடப் பதிவு. வெளிநாட்டவர் தங்கும் இடத்தின் பொறுப்பாளர் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டும். ஓட்டல்கள் தாமாகச் செய்துவிடும். கல்லூரி விருந்தினர் இல்லத்திலோ துறைத் தலைவர் வீட்டிலோ தங்க வைத்தால் அந்தப் பொறுப்பு உங்களுடையது. விடுதிக் காப்பாளர் பெயரில் முன்கூட்டியே கணக்குத் திறந்து வைத்துவிடுங்கள். ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு விருந்தினர் வந்திறங்கிய பிறகு கடவுச்சொல் தேடுவது பெரும்பாடு. இன்னொன்று: செயற்கைக்கோள் தொலைபேசி, அவ்வகைச் செய்தி அனுப்பும் மலையேற்றக் கருவிகள் இங்கே அனுமதியின்றி வைத்திருக்கக் கூடாதவை. களப்பணிக்குப் பழகியவர்கள் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

மதிப்பூதியத்தில் வரிப் பிடித்தம் எவ்வளவு? ரொக்கமாக ரூபாயில் கொடுத்துவிடலாமா?
– கல்லூரி நிதி அலுவலர், கோயம்புத்தூர்

ரொக்கம் வேண்டாம். தணிக்கையிலும் அவரது நாட்டு வரிக் கணக்கிலும் அது சிக்கல்.

உள்ளூர்ப் பேச்சாளருக்குப் பிடிக்கும் 10 சதவீதத்தை அப்படியே போடக் கூடாது. வெளிநாட்டில் வசிப்பவருக்குத் தரும் தொகைக்கு விதி வேறு, விகிதம் வேறு. பெரும்பாலான நாடுகளோடு இந்தியாவுக்கு இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. அமெரிக்காவுடனான ஒப்பந்தத்தில், இங்குள்ள பல்கலைக்கழகத்திலோ கல்லூரியிலோ கற்பிக்க வருபவரின் கற்பித்தல் ஊதியத்துக்கு இரண்டாண்டு வரை விலக்கு உண்டு. ஆனால் சலுகையைக் காட்ட அவரது நாட்டு வரித்துறை தரும் வசிப்பிடச் சான்றிதழ் தேவை. அதை வாங்க அவருக்கு வாரக்கணக்கில் ஆகும். எனவே அழைப்புக் கடிதத்தோடேயே கேட்டுவிடுங்கள். பணம் அனுப்பும்போது வங்கி வரி அறிவிப்புப் படிவம் கேட்கும், தொகையைப் பொறுத்துப் பட்டயக் கணக்காளர் சான்றும் கேட்கும்.

விமானச் சீட்டைக் கல்லூரியே எடுப்பது நல்லது. அவர் எடுத்துப் பின்னர் திருப்பித் தருவதானால், எந்த வகுப்பு, எந்த வழி, உச்சவரம்பு என்ன என்பதை எழுத்தில் வையுங்கள். விசா கைக்கு வரும் முன் சீட்டு எடுக்காதீர்கள்.

அவரது பல்கலைக்கழகம் ‘நாங்களும் கொஞ்சம் பணம் தருகிறோம்’ என்று உங்கள் கருத்தரங்குக்கு அனுப்பினால் மகிழ்ந்துபோய்க் கணக்கு எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். அது வெளிநாட்டு நன்கொடையாகிவிடும். அதற்கான பதிவும், 2020 திருத்தத்தின்படி பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் தனிக் கணக்கும் இல்லாமல் வாங்க முடியாது. அவர்கள் அந்தப் பணத்தில் தங்கள் பேராசிரியரின் சீட்டை நேரடியாக எடுத்துத் தருவது எளிது.

போன மாதம் கேட்ட உரையில் இந்தியாவில் 45 கோடிப் பேர் இடம்பெயர்ந்தவர்கள் என்றார் ஒருவர். இன்னொருவர் ஆண்டுக்கு 90 லட்சம் என்றார். மூன்றாமவர் 1.3 கோடி என்றார். யார் சொன்னது சரி?
– முதுகலை மாணவி, திருவாரூர்

மூவரும் சரி. அவர்கள் எண்ணியது ஒரே ஆட்களை அல்ல.

45 கோடி என்பது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண். கடைசியாக வசித்த இடம் வேறு, எண்ணப்பட்ட இடம் வேறு என்றால் அவர் இடம்பெயர்ந்தவர். மன்னார்குடியில் பிறந்து கல்யாணமாகி நீடாமங்கலம் போன பெண் இதில் சேர்த்தி. நாற்பது வருடம் முன்னால் போயிருந்தாலும் சேர்த்திதான். அதனால்தான் இந்த 45 கோடியில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். மொத்தத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் சொன்ன காரணம் திருமணம். வேலைக்காக என்று சொன்னவர்கள் பத்தில் ஒரு பங்கு அளவுதான். இந்த எண்ணைக் காட்டிவிட்டு உடனே கட்டடத் தொழிலாளர் படத்தைப் போடுபவரை நிறுத்திக் கேளுங்கள்.

90 லட்சம் 2016–17 பொருளாதார ஆய்வறிக்கையிலிருந்து வருகிறது. 2011 முதல் 2016 வரை முன்பதிவில்லாத ரயில் பயணங்களின் போக்குவரத்தை வைத்து, மாநிலங்களுக்கிடையே ஆண்டுக்குச் சராசரியாக எத்தனை பேர் நகர்ந்திருப்பார்கள் என்று கணித்தார்கள். இது ஒரு பாய்ச்சல், முன்னது ஒரு இருப்பு. குளத்தில் எவ்வளவு நீர் கிடக்கிறது என்பதையும் மதகில் எவ்வளவு ஓடுகிறது என்பதையும் ஒப்பிட்டு எது பெரிது என்று கேட்பதில்லை அல்லவா. தவிர, ரயிலில் போகாதவர் இதில் இல்லை. மாவட்டம் விட்டு மாவட்டம் லாரியில் ஏற்றிச் செல்லப்படும் கரும்பு வெட்டும் குடும்பம் இதில் இல்லவே இல்லை.

மூன்றாவது எண் தேசிய மாதிரி ஆய்வின் 64ஆம் சுற்று, 2007–08. முந்தைய 365 நாளில் வேலைக்காக ஒரு மாதம் அல்லது அதற்கு மேல், ஆனால் ஆறு மாதத்துக்குக் குறைவாக வெளியே தங்கியவர்களைக் குறுகிய கால இடம்பெயர்ந்தோர் என்று தனியாக எண்ணினார்கள். நல்ல முயற்சி. ஆனால் எங்கே ஒழுகுகிறது பாருங்கள். பொங்கல் முடிந்து செங்கல் சூளைக்குப் போகும் குடும்பம் ஆடி மாதம்தான் திரும்புகிறது என்றால், ஆறு மாதக் கோட்டைத் தாண்டிவிடுகிறது. மாசி, பங்குனியில் கணக்கெடுக்கப் போனால் வீடு பூட்டியிருக்கிறது. அந்த வீட்டுக்குப் பதில் வேறு வீட்டை எடுத்துக்கொள்கிறார்கள். சூளை பக்கமாக எண்ணப் போனாலும், முன்பணம் வாங்கியவர் பெயரில் ஒரே ஆள்தான் பதிவில் இருப்பார். மனைவியும் பிள்ளைகளும் கல் அறுப்பார்கள், ஏட்டில் இருக்க மாட்டார்கள். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டக் கரும்பு வெட்டுவோரிடமும் இதே கதைதான். அங்கே கணவன்–மனைவி இருவரையும் சேர்த்து ‘ஒரு கொய்தா’ என்று ஒரே அரிவாளாக எண்ணி முன்பணம் கொடுக்கிறார்கள்.

இன்னொரு எண்ணும் உங்கள் காதில் விழும்: 28.9 சதவீதம். 2020–21 தொழிலாளர் ஆய்வில் வந்த இடப்பெயர்வு விகிதம். பெண்களில் 47.9, ஆண்களில் 10.7. 45 கோடியில் பார்த்த அதே திருமணக் கணக்குதான் இங்கேயும்.

ஆகவே உரையில் ஒரு எண் வந்ததும் நான்கைத் தனித்தனியாகக் கேளுங்கள். எல்லை எது: ஊரா, மாவட்டமா, மாநிலமா, நாடா? குறைந்தபட்சம் எவ்வளவு காலம்? எண்ணியது புறப்பட்ட இடத்திலா, போய்ச் சேர்ந்த இடத்திலா? எந்த மாதத்தில்? கடைசிக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர் களம் கண்டவர்.

மேடையில் பொன்னாடை, நினைவுப் பரிசு, வாழ்த்துரை எல்லாம் எவ்வளவு நேரம் இருக்கலாம்?
– துறைத் தலைவர், மதுரை

ஏழு நிமிடம். அறிமுகத்தைச் சேர்த்து. பத்தாயிரம் கிலோமீட்டர் கடந்து வந்தவரை உட்கார வைத்துவிட்டு ஐந்து பேர் வாழ்த்திப் பேசினால், உரைக்குக் கிடைப்பது சாப்பாட்டு மணிக்கு முந்தைய அரை மணி. நன்றியுரை சொல்பவர் பட்டியலை மறுநாள் கடிதமாக அனுப்பலாம்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்கு நம் கிராமத்தைப் பற்றி என்ன தெரியும்? அவர் சொல்லி நாம் கேட்க வேண்டுமா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், விழுப்புரம்

உங்கள் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது ஐயா. 1915இல் இங்கிலாந்திலிருந்து கில்பர்ட் சிலேட்டர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்தார். அவருக்கு நம் கிராமங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது அவருக்குத் தெரிந்திருந்ததுதான் விசேஷம். மாணவர்களிடம் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்து, விடுமுறைக்குச் சொந்த ஊர் போகும்போது அங்கே விசாரித்து எழுதிவரச் சொன்னார். நிலம் யாரிடம், குத்தகை எவ்வளவு, கூலி நெல்லா காசா, கடன் எங்கே, யார் யார் ஊரை விட்டுப் போனார்கள் என்பதெல்லாம் அதில் வந்தன. 1916இல் எடுத்த அந்தக் கணக்குகள் 1918இல் நூலாக அச்சாகின.

அவற்றில் ஐந்து ஊர்கள் இன்றைக்கும் ஆய்வாளர்களிடையே ‘சிலேட்டர் கிராமங்கள்’ என்றே வழங்குகின்றன: தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு, வடார்க்காட்டின் தூசி, தஞ்சாவூர் மாவட்டமாக இருந்த பகுதியின் பாலக்குறிச்சி, அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்து வடமலாபுரம், திருநெல்வேலியின் கங்கைகொண்டான். 1930களில் சென்னைப் பல்கலைக்கழகம் மறுபடி அந்த ஊர்களுக்குப் போனது. 1980களின் தொடக்கத்தில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் போனது. இருவேல்பட்டுக்கு 2008இல் இன்னொரு மறு ஆய்வு நடந்தது. கிட்டத்தட்ட நூறாண்டு நெடுகத் தொடர்ந்து பார்க்கப்பட்ட ஊர்கள் உலகத்தில் அதிகம் இல்லை. உத்தரப் பிரதேசத்தின் பாலன்பூரை ஆய்வாளர்கள் 1957–58லிருந்துதான் பார்க்கிறார்கள்.

அதில் தெரிவது என்ன? இருவேல்பட்டில் ஊரையே கையில் வைத்திருந்த பெருநிலக் குடும்பத்தின் பிடி தளர்ந்தது. உழைப்பவர்களின் வருமானத்தில் ஊருக்கு வெளியே செய்யும் வேலையின் பங்கு கூடியது. கங்கைகொண்டானில் இப்போது சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. ‘கிராமம்’ என்று ஒரே சொல்லில் அடைத்துவிட்டுப் பேசுவது எவ்வளவு தவறு என்பதற்கு இந்த ஐந்தே போதும்.

வருபவரின் பலம் ஒப்பீடு. வேறு நாட்டில் இதே சிக்கல் எப்படிப் போனது என்று அவருக்குத் தெரியும். ஊரின் விவரம் உங்கள் கையில். அதை அவர் முன் வைக்காமல் அவரை மட்டும் பேசவிட்டால் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஒரு யோசனை: உங்கள் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டில் தந்தையின் தொழில், மாறுதல் சான்றிதழ் வாங்கிய மாதம் இரண்டும் இருக்கும். பெயர்களை நீக்கிவிட்டுப் பத்தாண்டுக்கு ஒரு முறை என்று எண்ணிக்கையை மட்டும் எடுத்துத் தாருங்கள். குடும்பங்கள் எந்த மாதத்தில் வெளியேறின என்று காட்டும் இப்படி ஒரு ஆவணத்தை எந்த வருகைதரு அறிஞரும் கொண்டுவர முடியாது.

எங்கள் ஊராட்சிக்குக் கல்லூரிக்காரர்கள் வெளிநாட்டவரை அழைத்து வருகிறார்கள். படம் எடுத்துக்கொள்கிறார்கள், போய்விடுகிறார்கள். நாங்கள் என்ன கேட்கலாம்?
– ஊராட்சித் தலைவர், இராமநாதபுரம் மாவட்டம்

நிறையக் கேட்கலாம் தலைவரே. வருகைக்கு ஒரு வாரம் முன் எழுத்தில் கடிதம்: யார், எத்தனை பேர், எதற்கு, படம் எடுப்பார்களா, தகவல் எழுதிக்கொள்வார்களா. மொத்தம் ஆறு பேருக்கு மேல் வேண்டாம். மூன்று வண்டியில் வந்து இறங்கினால் யாரோ அதிகாரி நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க வந்திருக்கிறார் என்று பேச்சு பரவும். பிறகு எல்லோரும் தங்கள் நிலத்தைக் குறைத்துச் சொல்வார்கள், கடனைக் கூட்டிச் சொல்வார்கள். அந்த உரையாடலில் யாருக்கும் பயனில்லை.

நேரம் காலை எட்டுக்கு முன் அல்லது மாலை ஐந்துக்குப் பின். நூறு நாள் வேலைக்கோ கரிமூட்டத்துக்கோ போகிறவர்களைப் பகலில் நிறுத்தி வைத்தால் அன்றைய கூலி போகும். அப்படித்தான் ஆகும் என்றால் அந்தக் கூலியைக் கல்லூரி தர வேண்டும். தலைவர் வீட்டுத் திண்ணையில் மட்டும் உட்காராமல் காலனித் தெருவிலும் உட்காரச் சொல்லுங்கள். பெண்களிடம் பேசப் பெண் மாணவி ஒருவர் வரட்டும். படத்துக்கு வாய்மொழிச் சம்மதமாவது கேட்கட்டும், குழந்தை என்றால் தாயிடம்.

பதிலுக்கு என்ன? இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம், மூன்று மாதத்துக்குள், அடுத்த கிராம சபையில் வாசிக்க. இதை முதல் கடிதத்திலேயே ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள்.

உங்கள் பகுதியிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள் அதிகம் என்பதால் ஒன்று கூடுதலாகச் சொல்வோம். ‘புலம்பெயர்வும் வளர்ச்சியும்’ பற்றி ஊரில் கூட்டம் போட்டால் உரைக்கு முன் 20 நிமிடத்தை நடைமுறைத் தகவலுக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். முகவர் மத்திய அரசின் ‘இ–மைக்ரேட்’ தளத்தில் பதிவானவரா என்று பார்ப்பது எப்படி. பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதன் மேல் ஜிஎஸ்டியும்தான், அதற்கும் ரசீது உண்டு. பத்தாம் வகுப்பு தேறாதவர் கடவுச்சீட்டில் குடியகல்வுச் சோதனை முத்திரை என்றால் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக முன் அனுமதி தேவை. ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ காப்பீட்டில் இரண்டாண்டுக்கு 275, மூன்றாண்டுக்கு 375 ரூபாய் கட்டினால் விபத்து இறப்புக்கோ நிரந்தர ஊனத்துக்கோ 10 லட்சம் வரை. கூட்டத்துக்கு வந்தவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போவது பெரும்பாலும் இந்த 20 நிமிடமாகத்தான் இருக்கும். சுற்றுலா விசாவில் போய் வேலையில் சேரலாம் என்று சொல்லும் ஆளைப் பற்றியும் அங்கேயே பேசிவிடுங்கள்.

ஆங்கில உரை எங்கள் மாணவர்களுக்குப் புரிவதில்லை. மொழிபெயர்ப்பாளரை நிறுத்தினால் உரை இழுத்துக்கொண்டு போகிறது. என்ன செய்யலாம்?
– தமிழ்த்துறை விரிவுரையாளர், காரைக்குடி

வரிக்கு வரி மொழிபெயர்த்தால் நேரம் இரட்டிப்பாகும். ஆகவே ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு 25 நிமிட உரைதான் என்று பேச்சாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அவர் இரண்டு மூன்று வாக்கியத்துக்கு ஒரு முறை நிறுத்தட்டும். ஐந்து நிமிடம் தொடர்ந்து பேசவிட்டால் மொழிபெயர்ப்பாளர் தன் சொந்த உரையை ஆற்றத் தொடங்கிவிடுவார்.

படவில்லைகளை ஒரு வாரம் முன் வாங்குங்கள், 12க்கு மேல் வேண்டாம். அட்டவணைகளை மட்டும் தமிழில் அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. மொழிபெயர்ப்பாளரும் பேச்சாளரும் முந்தைய நாள் அரை மணி நேரம் உட்கார வேண்டும். குத்தகை, வாரம், முன்பணம், மேஸ்திரி, வட்டி ஆகியவற்றுக்கு அவர் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார் என்று குறித்துக்கொள்ள.

மேடையில் அதிகம் சறுக்குவது எண்களில். மில்லியன் என்றால் 10 லட்சம், பில்லியன் என்றால் 100 கோடி. அவசரத்தில் பில்லியனைக் கோடி என்று சொல்லிவிடுவார்கள். ஹெக்டேர் என்றால் 2.47 ஏக்கர். அளவுக்குப் பின்னால் இருக்கும் வரையறையையும் பாருங்கள். அமெரிக்கப் பேராசிரியர் சிறு பண்ணை என்று சொன்னால், அந்நாட்டு வேளாண் துறை அதை ஆண்டு மொத்தப் பண வரவு 3.5 லட்சம் டாலருக்குக் குறைவான பண்ணை என்று வைத்திருக்கிறது. அங்கே பண்ணையின் சராசரிப் பரப்பு 2022 கணக்கெடுப்பில் 463 ஏக்கர். தமிழ்நாட்டில் 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி சராசரி 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. ‘சிறு விவசாயி’ என்று மட்டும் மொழிபெயர்த்தால் கேட்பவர் மனதில் தன் சித்தப்பாதான் வருவார்.

உலகமயமாக்கல் பற்றிய உரை முடிந்ததும் என்ன கேட்பது என்றே தெரியவில்லை. எல்லோரும் ‘இந்தியாவின் எதிர்காலம் என்ன’ என்று கேட்கிறார்கள்.
– முதுகலை மாணவர், திருப்பூர்

உங்கள் ஊரிலிருந்து கேளுங்கள். 2005 ஜனவரி 1 முதல் உலக ஆடை வணிகத்தில் நாடுவாரி ஒதுக்கீட்டு முறை முடிவுக்கு வந்தது. பேச்சாளர் காட்டும் ஏற்றுமதி வரைபடத்தில் அந்த ஆண்டு ஒரு திருப்பமாகத் தெரியும். அதே ஊரில் 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. வரைபடத்தில் ஒரு சரிவைக் காட்டி அது உலகச் சந்தையின் விளைவு என்று ஒருவர் சொன்னால், அதில் எவ்வளவு சந்தை, எவ்வளவு நீதிமன்றம், எவ்வளவு பருத்தி நூல் விலை என்று பிரித்துச் சொல்லுமாறு கேளுங்கள். பிரிக்க முடியாது என்றால் அதையும் அவர் சொல்லட்டும்.

வெளிநாட்டுப் பணவரவு பற்றிப் பேசினால், ரிசர்வ் வங்கியின் 2023–24 ஆய்வில் மகாராஷ்டிரத்துக்கு 20.5, கேரளத்துக்கு 19.7, தமிழ்நாட்டுக்கு 10.4 சதவீதம் என்று வருகிறது. இது வங்கிகளிடம் கேட்டு எடுத்த கணக்கு. கணக்கு இருக்கும் மாநிலமும் குடும்பம் இருக்கும் மாநிலமும் ஒன்றுதானா என்பது நியாயமான கேள்வி. 1998இல் தொடங்கிய கேரள இடப்பெயர்வு ஆய்வும், அதே முறையில் 2015இல் நடந்த தமிழ்நாட்டு ஆய்வும் வீடு வீடாகக் கேட்டவை. இரண்டு வகை எண்களும் ஏன் ஒத்துப்போவதில்லை என்று கேட்டால் பேச்சாளர் நிமிர்ந்து உட்காருவார்.

மெக்சிகோ பற்றித் தெரிந்தவர் வந்தால் ‘ஒன்றுக்கு மூன்று’ திட்டத்தைக் கேட்காமல் விடாதீர்கள். அமெரிக்காவுக்குப் போன ஊர்க்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து சொந்த ஊருக்கு ஒரு பெசோ அனுப்பினால், மத்திய, மாநில, நகராட்சி அரசுகள் தலைக்கு ஒரு பெசோ சேர்த்தன. சகாடெகாஸ் மாநிலத்தில் முளைத்து 2002இல் நாடு தழுவியதாயிற்று. நம் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மக்கள் பங்கு பொதுவாகக் குறைந்தது மூன்றில் ஒன்று, அங்கே நான்கில் ஒன்றாக இருந்தது. அந்தத் திட்டத்தின் மேல் வந்த முக்கியக் குறை: சங்கம் அமைக்கும் அளவுக்கு ஆட்கள் வெளியே போன ஊருக்கு அரசுப் பணமும் போய்ச் சேர்ந்தது. போக வழியில்லாத பரம ஏழை ஊருக்குப் போகவில்லை. கோயில் திருப்பணிக்கும் சமுதாயக் கூடத்துக்கும் வெளிநாட்டுப் பணம் வரும் ஊர்கள் நம் பக்கமும் உண்டு. அவற்றின் பக்கத்து ஊருக்கு என்ன ஆகிறது என்று ஒப்பிட்டுக் கேட்கலாம்.

கேள்வியை இரண்டு வாக்கியத்தில் எழுதி வைத்துக்கொண்டு படியுங்கள். மூன்றாவது வாக்கியம் உங்கள் உரை.

உரையைக் காணொளியாகப் பதிந்து இணையத்தில் போடலாமா?
– நூலகர், தஞ்சாவூர்

முன்பே எழுத்தில் சம்மதம் வாங்கினால் போடலாம். இன்னும் வெளியிடாத ஆய்வு முடிவு இருந்தால் அவர் மறுப்பார், அது அவர் உரிமை. அப்போது கல்லூரி நூலகத்துக்குள் மட்டும் பார்க்கும்படி வைக்கலாமா என்று கேளுங்கள். படவில்லைகளில் கிராமத்தவர் முகமும் ஊர்ப் பெயரும் சேர்ந்து வந்தால் அந்தப் பகுதியை மறைத்துவிடுங்கள். கடனையும் சாதியையும் பற்றி அவர்கள் நம்பிச் சொன்னது பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் ஓடக் கூடாது. ஒலிக்குத் தனியாகச் சட்டைப்பை மைக் ஒன்று வையுங்கள். அரங்கின் பின்னாலிருந்து கைபேசியில் எடுத்தால் மின்விசிறிச் சத்தம்தான் மிஞ்சும். கேள்வி கேட்பவரிடமும் மைக் போகட்டும், இல்லையென்றால் பதிவில் பதில் மட்டும் இருக்கும்.